மேசைக் கணினியில் மட்டும் வைஃபை விட்டு விட்டு வருகிறது

கார்மேகம்:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு மேசைக் கணினி, விண்டோஸ் 11. அதில் உள்ளேயே வைஃபை கிடையாது என்பதால் வைஃபை தரும் சிறு கருவியான யூஎஸ்பி டாங்கிள் ஒன்றைப் பின்பக்கம் செருகியிருக்கிறேன். ரௌட்டர் பக்கத்து அறையில், நடுவில் ஒரே ஒரு சுவர்.

சில நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடும். திடீரென்று பக்கங்கள் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும், வீடியோ அழைப்பில் குரல் துண்டு துண்டாகும். சில சமயம் இணைப்பே அறுந்து, தானாக மறுபடி வரும். அப்போதும் மூலையில் சிக்னல் கோடுகள் முழுதாகவே தெரிகின்றன. அதே அறையில் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் எந்தத் தொல்லையும் இல்லை.

ரௌட்டரை அணைத்துப் போட்டாயிற்று, டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியாயிற்று, நெட்வொர்க் ரீசெட்டும் செய்தாயிற்று. ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் சரியான மாதிரி இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். வேலை முழுக்க இந்தக் கணினியில்தான், அழைப்பு நடுவில் அறுந்தால் மறுமுனையில் இருப்பவர்களிடம் பதில் சொல்லி மாளவில்லை. டாங்கிளை மாற்றுவதா, ரௌட்டரை மாற்றுவதா?


வேகப்புயல்:

ரௌட்டர் பழசாகியிருக்கும். வைஃபை 6 உள்ள புதிது ஒன்று வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.


அலைவரிசை:

கார்மேகம், தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மற்ற இரண்டு சாதனங்களும் அதே ரௌட்டரில் நன்றாக ஓடுகின்றன என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த ஒரு தகவலே ரௌட்டர் மேல் உள்ள சந்தேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது.

விட்டு விட்டு வரும் கோளாறில் ஒரு பொறி இருக்கிறது. அது தானாகவே போய்த் தானாகவே வரும். அதனால் கடைசியாக எதைச் செய்தோமோ அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றிவிடும். டிரைவரை மறுபடி நிறுவியதும் கொஞ்ச நேரம் சரியானதற்கு டிரைவர் காரணமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே முதலில் அளந்து பாருங்கள். மாற்றுவதெல்லாம் அப்புறம்.

உங்கள் கணினியிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியில் இரண்டு கட்டங்கள். கணினி முதல் ரௌட்டர் வரை ஒன்று, அதுதான் வைஃபை. ரௌட்டர் முதல் வெளியுலகம் வரை இன்னொன்று, அது இணைய சேவை தருபவரின் பொறுப்பு. எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று தெரியாமல் செய்யும் எதுவும் இருட்டில் கல் எறிவதுதான்.

கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல்கள் இரண்டைத் திறங்கள். ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கு பிங் போடுங்கள், அதாவது சிறு தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். உறுதியாகத் தெரிய ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் கிடைக்கும். இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8 அல்லது 1.1.1.1. இரண்டிலும் முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஆங்கில டி எழுத்தைச் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள்.

தடங்கல் வரும்போது இரண்டு ஜன்னல்களும் தடுமாறினால் கோளாறு வைஃபையில். ரௌட்டர் ஜன்னல் நிதானமாக இருந்து வெளி ஜன்னல் மட்டும் தடுமாறினால் வைஃபையைத் தொடவே வேண்டாம், சேவை தருபவரைக் கூப்பிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக்கும் சேவை), விபிஎன், பாதுகாப்பு மென்பொருள் என்று வேறு திசையில் தேட வேண்டும்.

ஒரு கவனம்: பிங் ஓடும்போது வைஃபை பெயர்ப் பட்டியலைத் திறந்து வைக்காதீர்கள். அது திறந்திருக்கும்வரை கணினி மற்ற சேனல்களுக்கும் (வைஃபை பேசும் எண்ணிட்ட அலைத் துண்டுகள்) போய்த் தேடும், அந்தத் தேடலே பிங்கில் குதிப்பாகத் தெரியும்.

கூடவே நெட்ஷ் விலான் ஷோ இன்டர்ஃபேசஸ் என்ற கட்டளையின் வெளியீட்டையும் சொல்லுங்கள். சேனல் எண், சிக்னல் சதவீதம், ரிசீவ் ரேட், ட்ரான்ஸ்மிட் ரேட் (பெறும் வேகம், அனுப்பும் வேகம்) ஆகியவை போதும்.


தூரிகை:

அலைவரிசை சொன்னதோடு இன்னொன்று. நெட்ஷ் விலான் ஷோ விலான்ரிப்போர்ட் என்ற கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால், கடந்த 3 நாட்களில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, விண்டோஸ் என்ன காரணம் பதிந்தது என்று ஒரு பக்கமாக உருவாக்கித் தரும். நினைவை நம்பி "சாயங்காலம் போல" என்று சொல்வதைவிட அந்த வரைபடம் நேர்மையானது.


கார்மேகம்:

மிக்க நன்றி. இரண்டு ஜன்னல்களையும் ஓட விட்டேன். சாதாரணமாக ரௌட்டருக்கு 2 முதல் 4 மில்லிசெகண்ட். தடங்கல் வரும்போது அது 800, 1500 என்று ஏறுகிறது, இடையிடையே ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். வெளி ஜன்னலும் அதே நேரத்தில் அதே போல் தடுமாறுகிறது. அப்படியானால் வைஃபைதான், இல்லையா?

சேனல் 4, சிக்னல் 86 சதவீதம். ரிசீவ் ரேட் தடங்கலின்போது பாதாளத்துக்குப் போய், அப்புறம் மேலே வருகிறது. தூரிகை சொன்ன அறிக்கையில் சில துண்டிப்புகள் நான் கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டபோது, மற்றவை பெரும்பாலும் சாயங்காலத்தில்.


அலைவரிசை:

ஆமாம், வைஃபைதான். ரௌட்டரும் சேவை தருபவரும் இப்போதைக்கு விடுதலை.

86 சதவீதம் என்பதை டெசிபல் கணக்கில் பார்க்கலாம். விண்டோஸ் காட்டும் சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் போதும்: 43 கழித்தல் 100, அதாவது மைனஸ் 57 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 இருந்தாலே போதும் என்பார்கள், எனவே உங்கள் சிக்னல் அருமையாகவே இருக்கிறது. சிக்னல் நன்றாக இருந்தும் ரேட் சரிகிறது என்றால் இரைச்சல் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். மூலையில் தெரியும் கோடுகள் சிக்னலின் பலத்தைத்தான் சொல்கின்றன, இரைச்சலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பிங் 1500 வரை ஏறுவதற்கும் இதுவே விளக்கம். வைஃபையில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து "கிடைத்தது" என்ற ஒப்புதல் வர வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி அனுப்பும், வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை அனுப்பும். இந்த மறு அனுப்பல்கள் வரிசையாகக் குவியும்போது தகவல் தொலையாமல் தாமதமாகிறது. கோப்பு இறக்குகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, பேசுகிறவர்களுக்குத்தான் வலிக்கும்.


தூரிகை:

தொடாமல் விட்டபோது அறுவது தனிக் கோளாறாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே உங்கள் டாங்கிளின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மேம்பட்ட அமைப்புகளுக்குள் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மேசைக் கணினியில் பேட்டரி இல்லை, அந்தச் சேமிப்பால் உங்களுக்கு ஒரு லாபமும் கிடையாது.

லினக்ஸில் இதைப் படிப்பவர்களுக்கு: நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் சேமிப்பு நின்றுவிடும். 3 என்றால் இயங்கும். இந்த எண்களைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.


நீலவானம்:

சேனல் 4-இல் இருப்பதுதான் தப்பு. கைப்பேசியில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டுச் சுற்றிலும் பாருங்கள். அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் 1, 6, 11 ஆகியவற்றில்தான் குவிந்திருக்கும். நான் 3-இல் வைத்திருக்கிறேன், அங்கே யாருமே இல்லை.


அலைவரிசை:

நீலவானம், 4 தப்பு என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 3 நல்லது என்பதில் முடியாது.

இந்தச் சேனல்கள் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியில் சேனல்களின் மையங்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சேனல் 1 என்றால் 2412, சேனல் 6 என்றால் 2437, சேனல் 11 என்றால் 2462. ஆனால் ஓர் இணைப்பு எடுத்துக்கொள்ளும் அகலம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 3-இல் உட்கார்ந்தால் 1-இல் இருப்பவர் மேலும் விழுவீர்கள், 6-இல் இருப்பவர் மேலும் விழுவீர்கள். பட்டியலில் உங்கள் எண்ணில் யாரும் இல்லை என்பதால் காற்றிலும் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரே சேனலில் பல ரௌட்டர்கள் இருப்பதே மேல். அவை ஒன்றையொன்று கேட்டு, ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். வேகம் பங்காகும், ஆனால் ஒழுங்கு இருக்கும். பாதி மேல் பாதி விழும் சேனல்களில் மற்றவருடைய பேச்சு புரியாத வெறும் இரைச்சலாகத்தான் வந்து சேரும்.


நீலவானம்:

எனக்கு 3-இல் நன்றாகத்தானே ஓடுகிறது?


அலைவரிசை:

உங்கள் பக்கத்து ரௌட்டர்கள் தொலைவில் இருந்து சிக்னல் மைனஸ் 85-க்குக் கீழே வந்தால் எந்தச் சேனலும் ஓடும். நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படி ஓடாது. 1, 6, 11 மூன்றில் சத்தம் குறைந்ததை எடுத்து, அகலத்தை 40 அல்லாமல் 20 என்று வையுங்கள். கார்மேகத்துக்கும் இதையே சொல்கிறேன்.


கார்மேகம்:

பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்ததும், தொடாமல் விட்டால் அறுவது நின்றுவிட்டது. தூரிகைக்கு நன்றி.

சேனலை 11-க்கு மாற்றி அகலத்தை 20 ஆக்கினேன். மாற்றம் இல்லை, சாயங்காலத் தடங்கல் அப்படியே இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வேலை முடிந்ததும் அன்றைய கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசி அழைப்பும் வரும். கணினி மெதுவாவதால் அப்படி ஆகிறதோ?


அலைவரிசை:

அந்த ஹார்ட் டிஸ்க் எங்கே செருகியிருக்கிறது? டாங்கிள் எங்கே? துளையின் உள்ளே இருக்கும் நாக்கு நீல நிறமா?


கார்மேகம்:

இரண்டும் பின்பக்கம்தான், அடுத்தடுத்த துளைகள். ஆமாம், நீலம்.


அலைவரிசை:

நீலம் பெரும்பாலும் யூஎஸ்பி 3-இன் அடையாளம். அப்படியானால் நான் பந்தயமே கட்டுவேன். யூஎஸ்பி 3 ஓடும்போது அதன் கம்பியும் துளையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலைக் கசியவிடும். நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவல் ஓடுகிறது, அந்த ஓட்டத்தின் சிதறல் பரந்த அலைவரிசையில் பரவி, வைஃபையும் புளூடூத்தும் இருக்கும் இடத்திலும் படிகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கையே வெளியிட்டது. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும் அந்தப் பகுதியின் இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்ததை அதில் காட்டினார்கள். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு.

டாங்கிளின் ஆன்டெனா அந்த இரைச்சலிலிருந்து விரற்கடை தூரத்தில் இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து வரும் ரௌட்டரின் குரல் அதில் மூழ்கிப்போகிறது. கைப்பேசி அந்தத் துளைகளிலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. போதாக்குறைக்குக் கணினிப் பெட்டியின் இரும்பு முதுகு ரௌட்டர் பக்கம் ஆன்டெனாவை மறைக்கிறது.

நம்ப வேண்டாம், சோதியுங்கள். ரௌட்டருக்கு பிங் ஓடட்டும். பெரிய கோப்பு ஒன்றை ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்கத் தொடங்குங்கள், பிறகு பாதியில் நிறுத்துங்கள். பிங் அதோடு ஏறி இறங்கினால் விஷயம் முடிந்தது. கணினி மெதுவாவதுதான் காரணமா என்ற கேள்விக்கும் பதில் வேண்டுமே, அதற்கு அதே கோப்பைக் கணினிக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகலெடுத்துப் பாருங்கள்.


வேகப்புயல்:

இதற்கு இவ்வளவு சுற்றுவானேன்? 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள டாங்கிள் வாங்கினால் இந்த இரைச்சலே எட்டாதே.


அலைவரிசை:

சரியான பேச்சு, 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் இந்தக் கோளாறு தீரும். ஆனால் நேற்று நீங்கள் சொன்னபடி ரௌட்டரை மட்டும் மாற்றியிருந்தால், 2.4 மட்டுமே தெரிந்த டாங்கிள் புது ரௌட்டரிலும் 2.4-இல்தான் இணைந்திருக்கும், தடங்கலும் அப்படியே இருந்திருக்கும். காரணம் தெரிந்த பிறகு வாங்குவதை நான் தடுக்கவே மாட்டேன்.


கார்மேகம்:

சோதித்தேன். நகலெடுக்கத் தொடங்கிய சில நொடிகளில் பிங் ஆயிரத்தைத் தாண்டியது. நிறுத்தினேன், உடனே 3-க்கு வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான். கணினிக்குள்ளேயே நகலெடுத்தால் ஒன்றுமே ஆகவில்லை, 3 மில்லிசெகண்டிலேயே நின்றது.

பழைய யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. டாங்கிளை அதில் செருகி, கணினிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசை மேல், ரௌட்டர் இருக்கும் சுவர்ப் பக்கம் வைத்தேன். இப்போது நகலெடுத்துக்கொண்டே அழைப்பில் பேச முடிகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது.


தூரிகை:

மகிழ்ச்சி. புளூடூத் சுட்டி, ஹெட்செட் வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டி திக்கித் திக்கி நகர்வதற்கும் பல வீடுகளில் இந்த யூஎஸ்பி 3 துளைதான் காரணம். அவற்றின் ரிசீவரை முன்பக்கத்துக்கு, அல்லது யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும்.


மரநிழல்:

இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. எனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கணம் அறுந்து மறுபடி வருகிறது. கடிகாரம் வைத்த மாதிரி.


தூரிகை:

கடிகாரம் வைத்த மாதிரி என்றால் இரைச்சலை மறந்துவிடுங்கள், இரைச்சலுக்கு நேரம் தெரியாது. ரௌட்டரின் பாதுகாப்பு அமைப்புகளில் குரூப் கீ (எல்லாச் சாதனங்களும் பகிரும் மறையாக்கச் சாவி) புதுப்பிக்கும் இடைவெளி என்று ஒன்று இருக்கும், பல ரௌட்டர்களில் அது 3600 நொடி. சாவி மாறும் அந்தக் கணத்தில் சில அடாப்டர்களின் டிரைவர் தடுமாறி இணைப்பை விட்டுவிடும். அந்த இடைவெளியை மாற்றிப் பாருங்கள். அறுவதும் அதோடு இடம் மாறினால் அதுதான் காரணம், டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். மாறவில்லை என்றால் ரௌட்டர் கணினிக்குத் தந்த டிஎச்சிபி முகவரி எவ்வளவு காலம் செல்லும் என்பதையும், ரௌட்டர் தானே மறுதொடக்கம் ஆகிறதா என்பதையும் பாருங்கள். எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் என்ற எண் ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் இருக்கும்.


கல்தூண்:

இடையில் ஒரு வார்த்தை. இடத்தை விட்டு நகராத கணினிக்கு வைஃபை எதற்கு? ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை போகும், இரைச்சல், சேனல் என்று எந்தக் கவலையும் இல்லை. கம்பி இழுக்க முடிந்தவர்கள் இழுத்துவிடுங்கள்.


பனித்துளி:

கல்தூண் அண்ணா, வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க எல்லோராலும் முடியாதே. என் நிலைமையும் அதுதான், என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

என் கணினியில் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்திருக்கிறேன். நாட்கணக்கில் பிரமாதமாக ஓடும். பிறகு ஒரு நேரத்தில் வைஃபை பெயரே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஒரு நிமிடம் போல் கழித்துத் திரும்ப வரும். கைப்பேசியிலும் அதே நேரத்தில் போகிறது. 2.4 பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.


சிறுபொறி:

மதர்போர்டு வைஃபை என்றால் முதலில் பின்னால் இரண்டு ஆன்டெனாக்களையும் திருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவை பெட்டியிலேயே தங்கிவிடுவது சகஜம். ஆன்டெனா இல்லாமலும் இணைப்பு கிடைத்துவிடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.


அலைவரிசை:

சிறுபொறி சொன்னது எல்லா மேசைக் கணினிக்காரர்களும் பார்க்க வேண்டியது. ஆனால் பனித்துளிக்குக் கைப்பேசியிலும் போகிறது, பெயரே மறைகிறது. இது ரௌட்டர் பக்கம். 5 கிகாஹெர்ட்ஸில் எந்தச் சேனல்?


பனித்துளி:

ஆன்டெனா இரண்டும் இருக்கின்றன. சேனல் ஆட்டோவில் இருக்கிறது, இப்போது 100 என்று காட்டுகிறது. மறைந்து திரும்பி வந்த பிறகு வேறு எண் இருந்ததாக ஞாபகம்.


அலைவரிசை:

அப்படியானால் டிஎஃப்எஸ், ரேடாருக்கு வழிவிட ரௌட்டர் தானே சேனல் மாறும் ஏற்பாடு. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் பகுதி. வானிலை ரேடார், ராணுவ ரேடார் எல்லாம் அங்கே இருக்கின்றன, முன்னுரிமை அவற்றுக்குத்தான். ரௌட்டர் அந்தச் சேனலில் பேசத் தொடங்கும் முன் 60 நொடி மௌனமாகக் கேட்க வேண்டும். ரேடார் போல் ஏதாவது காதில் விழுந்தால் 10 நொடிக்குள் வெளியேற வேண்டும், அந்தச் சேனலுக்கு 30 நிமிடம் திரும்பக் கூடாது. வெளியேறிய ரௌட்டர் இன்னொரு ரேடார் சேனலுக்குப் போனால் அங்கேயும் 60 நொடி கேட்கும். நீங்கள் பார்க்கும் அந்த ஒரு நிமிட மறைவு இதுதான். ரேடாரே இல்லாமல் வேறு எதையோ ரேடார் என்று எடுத்துக்கொள்ளும் ரௌட்டர்களும் உண்டு. ரௌட்டரின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல் அந்த நேரத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.


பனித்துளி:

இருக்கிறது! ரேடார் டிடெக்டெட் என்று, அதே நேரத்தில். சேனலை 36 என்று நிலையாக வைத்தால் போதுமா?


அலைவரிசை:

36, 40, 44, 48 நான்கும் ரேடார் சோதனை தேவைப்படாதவை, எனவே 36 நல்ல தேர்வு. ஆனால் சேனல் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் அந்த நான்கோடு நின்றுவிடும். 160 என்று இருந்தால், மேலே 36 என்று காட்டினாலும் உண்மையில் 64 வரை நீண்டு ரேடார் பகுதிக்குள் பாதி போய்விடும், மறைவது தொடரும். ஆகவே 36, அகலம் 80, ஆட்டோ வேண்டாம். அங்கே அக்கம்பக்கத்தார் நெரிசல் அதிகம் என்றால் 149-ஐப் பாருங்கள், ரௌட்டரில் நாடு சரியாக அமைந்திருந்து அது அந்த எண்ணைக் காட்டினால், பெரும்பாலும் உங்கள் நாட்டில் அதற்கு அனுமதி இருக்கும். ரௌட்டரின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) புதுப்பிப்பு வந்த பிறகு இந்த இரண்டு அமைப்புகளும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், சில ரௌட்டர்கள் சொல்லாமலே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும்.